கட்டிய மரமும் கைமாறிய பலகையும்

போன ஆகஸ்டில் என் தங்கை மகன் பிரான்சிலிருந்து வந்திருந்தான். பழைய வாசகர்களுக்குத் தெரியும், என் தங்கையைக் கொடுத்தது புதுச்சேரி சொல்தா குடும்பத்தில். 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, அங்கே பிறந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். தங்கையின் மாமனார் எழுதிக் கொடுத்தார். என் அப்பா கொடுக்கவில்லை. அதனால் அவர்கள் வீட்டுப் பிள்ளை ஆல்ப்ஸ் மலை அடிவாரத்தில் வளர்ந்தான். எக்கோலில் பிரெஞ்சில் படித்த நான், ராயபுரத்தில் அம்மா வழிச் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, தமிழ்த் தேர்வை இரண்டு முறை எழுதி, அரசு அலுவலகத்தில் கிளார்க் ஆனேன்.

பையனுக்கு ஐம்பது வயதாகிறது. இன்னமும் விளையாட்டுப் புத்தி போகவில்லை. சாப்பிட்டு முடித்ததும் கைப்பேசியில் படம் காட்ட ஆரம்பித்தான். பனி மலை. அதில் ஒருவன் ஒற்றைப் பலகைமேல் நின்றுகொண்டு, கிட்டத்தட்டப் படுத்த நிலையில், கை பனியில் உரச வளைந்து போகிறான். "அது நான்தான் மாமா" என்றான். அடுத்த படத்தில் அவன் வீட்டு நிலவறைச் சுவர். அதில் வரிசையாக எட்டுப் பலகைகள்.

"எட்டா? காசு என்ன மரத்திலா காய்க்குது?"

"புதுசு ஒண்ணுதான் மாமா. மிச்சமெல்லாம் ஒக்காசியோன்."

பிரெஞ்சில் பழைய சாமானை அப்படித்தான் சொல்வார்கள். கை மாறி வந்தது என்று சொல்லாமல், வாய்ப்பு என்று சொல்வது. நாம் 'செகண்ட் ஹேண்ட்' என்று முகம் சுளித்துச் சொல்வதைவிட அது நல்ல வார்த்தை.

பிறகு அவன் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். பனிப்பலகை ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் போடுவது மெத்தென்ற ஜோடு. இவனைப் போன்ற சிலர்தான், பனிச்சறுக்குக் கட்டைக்குப் போடுவது போன்ற கெட்டியான பிளாஸ்டிக் ஜோட்டைப் போட்டு, அதைப் பலகையில் இரும்புக் கொண்டியால் பூட்டிக்கொள்கிறார்கள். பலகையின் இரு ஓரத்திலும் எஃகு விளிம்பு ஓடுகிறது. பலகை நடுவில் கொஞ்சம் ஒடுங்கி இருப்பதால், சாய்த்து விளிம்பில் நிறுத்தினால் அது வில்லாக வளைகிறது. அந்த வில் போகும் வழியில் பலகையும் போகிறது. பனியை வாரி இறைக்காமல், பென்சில் கோடு போல ஒரு தடம் மட்டும் விழ வேண்டுமாம். அதற்குச் செதுக்குவது என்று பெயர்.

இந்த ஆட்டத்தின் பூர்வீகத்தைக் கேட்டேன். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஊர் ஒன்றில் ஷெர்மன் பாப்பன் என்பவர், 1965 கிறிஸ்துமஸ் அன்று, தன் பெண் குழந்தைகள் விளையாடுவதற்காக இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சேர்த்துப் பூட்டிக் கொடுத்தார். அலையில் பலகை ஓட்டுவது போலப் பனியில் ஓட்டுவது என்பதால், பனிக்கான ஆங்கிலச் சொல்லையும் அலைச்சறுக்குக்கான சொல்லையும் ஒட்டி அவர் மனைவி 'ஸ்னர்ஃபர்' என்று பெயர் வைத்தார். பிரெஞ்சுக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. செர்ஜ் விதெல்லி என்பவர் உடம்பையே பனியில் கிடத்தித் திரும்பிய திருப்பத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். 1998-ல் ஜப்பானின் நாகானோவில் முதல் தடவையாக ஒலிம்பிக்கில் இந்த ஆட்டத்தைச் சேர்த்தபோது, பெண்களுக்கான பெரும் சலாம் போட்டியில் தங்கம் வாங்கியது கரின் ரூபி என்ற பிரெஞ்சுப் பெண். பிற்பாடு மலை வழிகாட்டியாகிக்கொண்டிருந்த அவர், 2009-ல் மோன் பிளான் பகுதியில் பனிப் பிளவுக்குள் விழுந்து இறந்துபோனார். அவரைப் பற்றிப் பேசும்போது பையன் குரல் இறங்கிவிட்டது.

என் காதில் நின்றது வேறு. இரண்டு கட்டையைச் சேர்த்துக் கட்டினார், அதன்மேல் ஏறி நின்றார்கள். "டேய், அது நம்ம கட்டுமரம்டா" என்றேன். அவன் சிரித்தான். கட்டுமரம் என்றால் அவனுக்கு இரட்டை உடம்புள்ள பாய்க் கப்பல்தான் தெரியும். நம்முடையதை அவன் பார்த்ததே இல்லை. மறுநாளே காட்டுப்பள்ளிக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டேன்.

அவனைக் குறை சொல்லி என்ன பயன்? அந்தச் சொல் ஊரைவிட்டுப் போனதே பெரிய கதை. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 1697-ல் வெளிவந்த தன் பயணப் புத்தகத்தில், சோழமண்டலக் கரையில் இவற்றை இன்ன பெயரால் அழைக்கிறார்கள் என்று நம் சொல்லையே எழுதி வைத்தார். பிரெஞ்சுக்காரர்கள் 'கத்திமரோன்' என்று எழுதினார்கள். எக்கோலில் ஒரு பாடத்தில் அந்த வார்த்தை வந்தபோது, மேத்ர் அதற்கு நீண்ட விளக்கம் கொடுத்தார். வகுப்பில் இருந்த குருசுக்குப்பம் பையன் ஒருவன் எழுந்து, "அது எங்கப்பாவோடது மெசியே" என்றான். 1804-ல் இங்கிலீஷ்காரர்கள், நெப்போலியனின் படகுகளைக் கொளுத்த பூலோன் துறைமுகத்துக்கு வெடிமருந்துப் பெட்டிகளை மிதக்கவிட்டார்களே, அதற்கும் இதே பெயரைத்தான் வைத்தார்கள். 1876-ல் நத்தானியல் ஹெரஷாஃப் என்ற அமெரிக்கர் இரட்டை உடம்புப் படகு ஒன்றைக் கட்டி நியூயார்க் பந்தயத்தில் மற்றவர்களைத் தோற்கடித்தார். அப்படிப்பட்ட படகு வகைக்கே நம் பெயர் நிலைத்துவிட்டது. அதற்கும் நம் கட்டுமரத்துக்கும் பெயரைத் தவிர வேறு உறவு கிடையாது. நம்முடையதில் உள்ளே உட்கார இடமே இல்லை. தண்ணீர் மேலே வந்து மேலேயே போய்விடும். கவிழ்ந்தால் திருப்பிப் போட்டு ஏறிக்கொள்ள வேண்டியதுதான்.

சென்னைக்கு அப்போது துறைமுகம் கிடையாது என்பதை மறந்துவிடக் கூடாது. வெள்ளைக்காரன் கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். இடையில் மூன்று வரிசையாக அலை உடையும். ஆளும் சாமானும் கரை சேர்ந்தது மசூலா படகில். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகு அது. மணலில் மோதினால் வளைந்துகொடுக்கும், உடையாது. அந்தப் படகுகூடப் போக முடியாத நாளில் கடிதத்தைக் கொண்டுபோனது கட்டுமரத்துக்காரர். ஓலைத் தொப்பிக்குள் கடிதத்தைச் செருகிக்கொண்டு, அலை தலைக்குமேல் உடைந்து விழும்போது மரத்தைப் பிடித்துக்கொண்டு, அடுத்த நிமிஷம் அந்தப் பக்கம் எழும்புவார். 1875-ல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1881 நவம்பர் புயல் கட்டியதில் பெரும்பகுதியை உடைத்துப் போட்டது. புதுச்சேரியிலும் இதே கதைதான். அங்கே இருந்த பழைய இரும்புப் பாலம் 1952 புயலில் போனது. பாலங்களும் சுவர்களும் போன இடத்தில் மறுநாள் காலை கடலில் இறங்கியது கட்டுமரம்தான்.

மறுநாள் மீஞ்சூர் வழியாகப் போனோம். பக்கிங்காம் கால்வாயைத் தாண்டியதும் பையன் கைப்பேசியை மடக்கிவிட்டு வெளியே பார்க்க ஆரம்பித்தான். அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள், நிலக்கரி லாரிகள், கன்டெய்னர் வரிசை, கடல் தண்ணீரைக் குடிநீராக்கும் நிலையம். எண்ணூர்த் துறைமுகம் 2001-ல் வந்தது, கடல்நீர் நிலையம் 2010-ல், காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கப்பல் வந்து போக ஆரம்பித்தது 2013-ல். 2018-ல் அது கைமாறியது. பழைய சாமான் சந்தை துறைமுகத்துக்கும் உண்டு போலிருக்கிறது. காட்டுப்பள்ளிக் குப்பம் முன்பு இருந்த இடத்தில் இப்போது கப்பல் கட்டும் தளத்தின் மதில். குப்பத்துக்காரர்களை வேறு இடத்தில் குடிவைத்தார்கள். அங்கேதான் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பழக்கம் எப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கரையில் எல்லாம் ஃபைபர் படகு. பின்னால் மோட்டார். இரண்டு இடத்தில் தெர்மோகோல் துண்டுகளை வலையால் சுற்றிக் கட்டிய மிதவை. கட்டுமரம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

பெரியவர் வெளியே வந்தார். விஷயத்தைச் சொன்னேன். பையன் கைப்பேசியை நீட்டினான். அவர் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, பழச வாங்குவியா? எத்த பாத்து வாங்குவ?" என்றார்.

பையன் தன் அரைகுறைத் தமிழில் சொன்னான், நான் இடையில் ஒட்டுப் போட்டேன். முதலில் விளிம்பைப் பார்ப்பானாம். அரம் போட்டுப் போட்டு எஃகு தேய்ந்திருந்தால் அந்தப் பலகைக்கு ஆயுள் குறைவு. பிறகு அடுக்கு விட்டிருக்கிறதா என்று நுனியில் நகத்தை வைத்து நெம்பிப் பார்ப்பான். ஜோட்டைப் பூட்டும் திருகுத் துளைகள் தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பான். கடைசியாக, தரையில் வைத்து நடுவில் அழுத்தி, வில் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பான். இப்படிப்பட்ட பலகை செய்கிறவர்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர்தானாம். அதனால் பழசை ஒருவரும் தூக்கி எறிவதில்லை. ஒருவர் உடம்பு பெருத்து விற்பதை இன்னொருவர் வாங்குவார், அவர் முழங்கால் போய் விற்பதை மூன்றாமவர் வாங்குவார். வருஷத்துக்கு ஒரு தடவை எல்லோரும் ஒரு மலையில் கூடும்போது, ஆடுவது பாதி, பலகையை மாற்றிக்கொள்வது பாதி.

பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு அவர் சொல்ல ஆரம்பித்தார். அவர் சொன்னதோடு நான் அங்கே இங்கே படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

கட்டுமரம் என்பது ஒரு சாமானே அல்ல. மூன்று, நான்கு, ஐந்து மரங்கள். அவ்வளவுதான். நடுமரம் கொஞ்சம் தாழ்ந்து, பக்க மரங்கள் கொஞ்சம் உயர்ந்து, அணியத்தில் மூக்குப் போல் கூர்ந்திருக்கும். குறுக்குக் கட்டை வைத்து முன்னும் பின்னும் கயிற்றால் இறுக்கினால் கடலுக்குப் போகத் தயார். ஜேம்ஸ் ஹார்னெல் என்று சென்னை மாகாண மீன்துறை இயக்குநராக இருந்த வெள்ளைக்காரர், இந்தியப் படகு வகைகளைப் பற்றி 1920-ல் பெரிய கட்டுரை ஒன்று எழுதினார். கரைக்குக் கரை மரம் மாறுவதை அவர் வகை பிரித்திருக்கிறார். நாகப்பட்டினம் பக்கம் கோலா மீனுக்கு ஏழு மரம் சேர்த்த பெரிய கட்டுமரம் போகும். ஹார்னெல் கண்ணில் பட்டது வடிவம். பெரியவர் சொன்னது கணக்கு.

கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துவிடுவார்கள். மரங்களைத் தனித்தனியாக மணலில் உருட்டிக் காயப்போடுவார்கள். இலேசான மரம், தண்ணீர் குடித்துவிட்டால் எடை கூடி மிதப்புக் குறைந்துவிடும். காயக் காய மறுபடி உயிர் வரும். எத்தனை காய்ந்தாலும் சில வருஷத்தில் ஏதாவது ஒரு மரம் ஊறிப்போகும். அப்போது முழுக் கட்டுமரத்தையும் மாற்றுவதில்லை. அந்த ஒற்றை மரத்தை மட்டும் மாற்றுவார்கள். இங்கேதான் சந்தை. மகனோடு சேர்ந்து பெரிய மரத்துக்குப் போகிறவர் தன் பழைய பக்க மரத்தை விற்பார். வயதாகிக் கரையிலேயே இருந்துவிட்டவர் நடுமரத்தை விற்பார். பெண்ணுக்குக் கல்யாணச் செலவென்று இரண்டு மரத்தை விற்று, மிச்சம் மூன்றோடு கரையோரம் போகிறவர் உண்டு. புதுப் பையன் ஒருவன் தொழிலுக்கு வந்தால், நாலு பேரிடம் நாலு மரம் வாங்கிக் கட்டிக்கொண்டு இறங்குவான். புது மரம் கேரள மலைப் பக்கத்திலிருந்து லாரியில் வர வேண்டும், விலை கட்டாது. பழைய மரம் குப்பத்துக்குக் குப்பம் போய்ப் பார்த்து வாங்குவது. பழவேற்காடு வரை நடந்தே போய், வாங்கிய மரத்தைக் கடலில் போட்டு, அதன்மேலேயே உட்கார்ந்து தள்ளிக்கொண்டு வந்திருக்கிறாராம்.

"நீ நகத்தால நெம்புற, நாங்க கத்தி முனையால ஒரு குத்து. தண்ணி கசியுதான்னு பாக்கணும். அப்பால ஒரு பக்கமா தூக்கி கீழ போடணும். சத்தத்துலயே தெரிஞ்சிடும். செத்த மரம் தொப்புனு வுழும்."

பையன் அந்த 'தொப்பு'வை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

இனி என் பங்கு. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தது. நாகப்பட்டினம், கடலூர் அளவுக்கு எங்கள் பக்கம் உயிர்ச்சேதம் இல்லை. படகும் வலையும்தான் போயின. நான் வேலை பார்த்த அலுவலகத்திலிருந்து சேதக் கணக்கு எடுக்க அனுப்பப்பட்டவர்களில் நானும் ஒருவன். ஓய்வுக்குச் சில வருஷமே பாக்கி. கையில் ஒரு படிவம். அதில் கட்டுமரம் என்ற வரிக்கு எதிரே இரண்டு கட்டம்: முழுச் சேதம், பகுதிச் சேதம். இந்தப் பெரியவர் வரிசையில் வந்து நின்றார். ஐந்தில் இரண்டு மரம் போய்விட்டது, மூன்று நன்றாக இருக்கிறது, என்ன எழுதுவீர்கள் என்றார். பகுதிச் சேதம் என்று எழுதினால் சொற்பம் கிடைக்கும். நான் யோசிக்கவே இல்லை. முழுச் சேதம் என்று எழுதினேன். அந்தக் கரையில் அப்படி எத்தனை பேருக்கு எழுதினேனோ! அதை நல்ல காரியம் என்று நினைத்தேன். இன்றைக்கும் அது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. பட்டினியாக நின்றவருக்கு வேறு எதை எழுதுவது?

அரசும் தொண்டு நிறுவனங்களும் போட்டி போட்டுக்கொண்டு ஃபைபர் படகு கொடுத்தார்கள். ஃபைபர் அதற்கு முன்பே வந்துவிட்டதுதான். 1979-லிருந்து வங்காள விரிகுடாத் திட்டம் என்று ஐ.நா. உணவு அமைப்பு சென்னையில் இருந்தபடி கரையில் இறங்கும் படகுகளைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் அதுவரை ஃபைபரும் மரமும் ஒரே கரையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒரே வருஷத்தில் எல்லோரும் ஃபைபருக்குப் போனதும், ஒற்றை மரம் வாங்க ஆள் இல்லை. வாங்க ஆள் இல்லையென்றால் ஊறிப்போன மரத்தை மாற்ற வழி இல்லை. அப்படியே கட்டுமரம் வைத்திருந்த இரண்டொருவரும் ஒரு மரம் கெட்டதும் நின்றுபோனார்கள். மீதி நல்ல மரமெல்லாம் அடுப்புக்குப் போனது. பெரியவரின் மூன்றில் ஒன்று அப்படித்தான் போனதாம். முழுச் சேதம் என்று காகிதத்தில் எழுதியது பிறகு உண்மையாகிவிட்டது.

பெரியவர் இதையெல்லாம் வருத்தமாகச் சொன்னார் என்று நினைக்காதீர்கள். ஃபைபர் வந்ததால் இடுப்பு வலி குறைந்தது, மகன் தூரம் போய்ச் சீக்கிரம் வருகிறான் என்றார். அவருக்குக் கோபமெல்லாம் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் மேல். சுவருக்கு வடக்கே மணல் அரித்துக்கொண்டே போகிறது. மரம் காயப்போட ஒரு காலத்தில் இருந்த மணல்வெளி இப்போது இருந்தாலாவது படகை ஏற்றி வைக்கலாம் என்றார். கட்டுமரத்துக்குத் துறைமுகம் வேண்டாம், கரை வேண்டும். ஃபைபருக்கும் அப்படியே.

பலகைமேல் நின்று அலை ஓட்டுவது நம் கடற்கரைக்குத் திரும்பி வந்திருப்பதைப் பையனுக்குச் சொன்னேன். கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர் இளைஞர், அருண் வாசு என்பவரின் ஆதரவோடு 2012-ல் அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கினார். மீனவப் பிள்ளைகள் படித்தால் கட்டணம் இல்லை என்றார்கள். 2013-ல் விழா வைத்தார்கள், கிரிக்கெட் ஜான்டி ரோட்ஸ்கூட வந்தார். அலை எங்கே உடையும் என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. "அங்கயும் பழைய பலகை கிடைக்குமா மாமா?" என்றான். பழக்கம் விடாது.

கிளம்பும்போதுதான் கவனித்தான். பெரியவர் வீட்டு வேப்பமரத்தடியில் இரண்டு கல்லின்மேல் குறுக்காக ஒரு மரம் கிடந்தது. உட்காரும் பலகை மாதிரி வழவழப்பாகி, ஒரு முனை கூர்ந்து மேல்நோக்கி வளைந்திருந்தது. பையன் குனிந்து கையால் தடவிப் பார்த்தான். பிறகு என்னிடம் பிரெஞ்சில், இதை விலைக்குக் கொடுப்பாரா என்று கேட்டான். விமானத்தில் எப்படிக் கொண்டுபோவாய் என்றேன். பனிப்பலகைக்கு உறை இருக்கிறது, அதைவிட இரண்டு மடங்கு நீளமாகத் தைக்கச் சொல்வேன் என்றான். விளையாட்டாகச் சொல்லவில்லை.

பெரியவருக்குப் பிரெஞ்சு புரிய வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"பக்க மரம் தம்பி அது. மிஞ்சினது ரெண்டுல ஒண்ணு. இன்னொண்ணு பின்னால கீது. விக்கறதுக்கு இல்ல." கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பலகைய நீ ஆடிட்டு வந்து இன்னா செய்வ?" என்று கேட்டார்.

"துணியால துடைச்சு, சுவத்துல சாய்ச்சு காய வைப்பேன். ஈரமா விட்டா விளிம்பு துரு பிடிச்சிடும்."

"டெய்லியுமா?"

"ஒவ்வொரு நாளும்."

"அப்ப சரி" என்றவர், எழுந்து, வேப்பமரத்தடியில் கிடந்த மரத்தை ஒரு முனையில் பிடித்து, வெயில் படும் பக்கம் திருப்பிப் போட்டார்.